மூன்றாம் முறை நான் கட்டிய பூ

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டே முக்கால் மணிக்கு முருகேசன் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கினான். மூன்று மணிக்கு அவனைப் பேச்சு மூச்சில்லாமல் வெளியே இழுத்துப் போட்டார்கள். அந்தக் கால் மணி நேரத்துக்கு நான்தான் காரணம். நம் முனீஸ்வரர் கோயில் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி நிர்வாகத்தார் கேட்டபோது, முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். முனீஸ்வரர் எனக்குச் செய்த உதவியைச் சொல்லவேண்டுமென்றால், நான் அவர் சன்னதியில் செய்த காரியத்தையும் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் பயந்தேன்.

என்னைப் பலருக்குத் தெரியும். மாசாயில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். பாசிர் கூடாங் பக்கம் ஓர் ஆலையில் வேலை. தொட்டிகளைக் கழுவ ஆட்கள் உள்ளே இறங்குவதற்கு முன்னால், அதிலுள்ள காற்று மூச்சு விட உகந்ததுதானா என்று மீட்டரை இறக்கிப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. பார்த்த அளவைப் பாரத்தில், அதாவது அனுமதிப் படிவத்தில், எழுதி நான் கையெழுத்துப் போட்டால்தான் ஆள் இறங்கலாம். நடுவில் வேலை நின்றால் மறுபடியும் பார்க்கவேண்டும். ஒரு தடவை பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். பெரிய வித்தை ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை என்றால் தொழுகைக்காக மத்தியான இடைவேளை நீளும். அன்றைக்குக் காலையில் ஒழுங்காகத்தான் பார்த்தேன். இடைவேளையில் காற்றூதும் இயந்திரத்தை யாரோ நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. மறுபடியும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் மீட்டர் முன்பக்க ஸ்டோரில் இருந்தது. வெயில் கொளுத்தியது. வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் பாரத்தை எடுத்து மத்தியானக் கட்டத்தை நிரப்பினேன். காலையில் பிராணவாயு அளவு 20.9 என்று எழுதியிருந்தேன். அதையே எழுதினால் சந்தேகம் வரும் என்று 20.8 என்று போட்டேன். பிறகு முருகேசனைப் பார்த்து, இறங்கலாம் என்று தலையை ஆட்டினேன்.

சோம்பேறித்தனம்தான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

முருகேசன் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவன். முப்பது வயதிருக்கும். ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். முருகேசன் இறங்கியபிறகு மேலே காவலுக்கு வந்து நின்ற நேப்பாளத் தொழிலாளி கயிறு ஆடவில்லையே என்று எட்டிப் பார்த்துக் கத்தியபோது, நான் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஓடினேன். நான்கு பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தோம். அவன் உதடு நீலமாக இருந்தது. என் கைப்பிடியில் அவன் கை கனத்தது இன்னும் மறக்கவில்லை.

ஆம்புலன்ஸ் போனபிறகு மேற்பார்வையாளர் குணா என்னைத் தனியாக அழைத்தார். பாரத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மத்தியானம் டெஸ்ட் பண்ணினாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பாரத்தை நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். புதிதாக ஒரு பாரம் எழுதலாம், அதில் மத்தியானக் கட்டம் காலியாக இருக்கும், அனுமதிக்குக் காத்திராமல் முருகேசனே இறங்கிவிட்டான் என்று ஆகிவிடும் என்றார். புதன்கிழமை அரசாங்கத்திலிருந்து விசாரிக்க வருவார்கள், அதற்குள் நான் கையெழுத்துப் போட்டால் போதும்.

"நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம் லா. கேட்டா தெரியாதுன்னு மட்டும் சொல்லு. உனக்கும் குடும்பம் இருக்கு, எனக்கும் குடும்பம் இருக்கு" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார்.

அன்றிலிருந்து புதன்கிழமை வரை நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வரக்கூடாது. தொலைபேசி அடித்தால் உடம்பு தூக்கிப்போடும். நாங்கள் இருப்பது நான்காவது மாடி. படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் போலீஸ் என்று நினைத்துக் குளியலறைக்குள் போய் நிற்பேன். சோறு இறங்கவில்லை. என் மனைவி சரோஜா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தொழிற்சாலையில் ஒருவன் மயங்கி விழுந்துவிட்டான் என்று மட்டும் சொன்னேன். ஐயோ பாவம் என்று அவள் சாமி விளக்கில் எண்ணெய் ஊற்றினாள்.

சனிக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அவனோடு வேலை செய்பவர்கள் நின்றார்கள். எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். விதி. அவன் தலையெழுத்து. கடல் தாண்டி வந்து இப்படி ஆகணும்னு எழுதியிருக்கு. நானும் ஆமாம் ஆமாம் என்று சொன்னேன். அந்த வார்த்தை எனக்கு மெத்தை போட்ட மாதிரி சுகமாக இருந்தது. அதில் சாய்ந்துகொண்டால் காரணம் யாருமில்லை, நான் இல்லவே இல்லை.

அங்கேயே சுவர் ஓரமாக நின்று முனீஸ்வரரைக் கூப்பிட்டேன். அப்பனே, அவனைப் பிழைக்க வை என்று அழுதேன். அது பொய் அழுகை இல்லை. ஆனால் உங்களிடம் மறைக்க மாட்டேன். பிழைத்தால் அவன் பேசுவானே, நான் தலையை ஆட்டியதைச் சொல்லிவிடுவானே என்ற எண்ணமும் அதே பிரார்த்தனைக்கு நடுவில் வந்தது. எனக்குள் அப்படி ஒரு எண்ணம் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தொட்டியைவிட, போலீஸைவிட, அதைக் கண்டுதான் நான் அதிகமாகப் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முருகேசன் கண் விழித்தான். பிரார்த்தனையில் பாதி பலித்துவிட்டது. அன்று மாலையே கோயிலுக்குப் போய் எலுமிச்சை மாலையும் சுருட்டும் வைத்துக் கும்பிட்டேன். இத்தோடு விட்டுவிடு சாமி என்று கேட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். மூக்கில் குழாய். பேச்சு மெதுவாக வந்தது. எனக்கு முன்னாலேயே குணா வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்.

"அண்ணே, நான்தான் யாருக்கும் சொல்லாம இறங்கிட்டேனாம். அப்படியாண்ணே? எனக்குச் சாப்பிட்டது வரைக்குந்தான் ஞாபகம் இருக்கு. நீங்க அங்கதானே இருந்தீங்க?"

எந்தக் கோபமும் இல்லாமல் கேட்டான். நான் சொல்வதை அப்படியே நம்பிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவன் மறந்துவிட்டால் எனக்கு நிம்மதி வரும் என்று இரண்டு நாளாக நினைத்திருந்தேன். வரவில்லை. அந்த மத்தியானம் நடந்தது என்ன என்று சொல்லக்கூடிய ஆள் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். குணாவுக்குக்கூட என் முகத்தைப் பார்த்துத்தான் தெரியும். அனுமதி இல்லாமல் இறங்கியதாக எழுதினால் முருகேசனின் வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், இனி இந்த நாட்டில் காலெடுத்து வைக்க முடியாது. எனக்கு அது நன்றாகவே தெரியும். நீ ரெஸ்ட் எடு, பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இப்போது என் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் பூக் கேட்காமல் எதையும் செய்கிற ஆள் இல்லை. உங்களில் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனி வெற்றிலையில் வைத்துச் சுருட்டி நூல் சுற்றிக் கொடுப்போம். பூசாரி இரண்டையும் சாமி காலடியில் போட்டு, கற்பூரம் காட்டி, ஒன்றை எடுத்துப் பிரிப்பார். எது வருகிறதோ அதுதான் உத்தரவு. என் கல்யாணம், இந்த வீடு, மகளுடைய படிப்பு, எல்லாம் பூ கேட்டு முடிவு செய்ததுதான். மீன் வாங்குவதா கோழி வாங்குவதா என்பதற்கும் பூ கேட்டுவிட்டு வாருங்கள் என்று சரோஜா கிண்டல் செய்வாள். எனக்கு அதில் பெருமைதான். சொந்தமாக ஒன்றும் முடிவு செய்யாதவன் தப்பு செய்யமாட்டான் என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை மாலை இரண்டு வெற்றிலை கட்டிக்கொண்டு போனேன். வெள்ளை வந்தால் வாயை மூடிக்கொள்வது. சிவப்பு வந்தால் உண்மையைச் சொல்வது. என்ன விஷயம் என்று பூசாரி கேட்கவில்லை. கேட்கமாட்டார். எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

ஒரு தரம் கேட்டால் போதாது, மனது நிலையாக இல்லாதபோது கேட்ட பூ செல்லாது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை குளித்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். மறுபடியும் சிவப்பு.

மூன்று தரம் கேட்பதுதான் முறை என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அன்று மாலை ஐந்து மணிக்கு வீட்டுச் சமையலறையில் நின்று மூன்றாம் முறை கட்டினேன். தட்டில் வெள்ளை அரளியும் இருந்தது, செவ்வரளியும் இருந்தது. முதல் வெற்றிலையில் வெள்ளையை வைத்தேன். இரண்டாவது வெற்றிலையை விரித்தேன். அதிலும் வெள்ளையை வைத்தேன். கை தவறியது என்று சொல்லலாம்தான். தவறவில்லை. என் கை செய்ததை என் கண் பார்த்துக்கொண்டிருந்தது. நூலை இறுக்கிச் சுற்றினேன். சிவப்பு அரளியை எடுத்துக் குப்பையில் போட்டு, மேலே வெங்காயத்தோலைத் தள்ளி மூடினேன்.

யாரிடமிருந்து மறைத்தேன்? வீட்டில் அப்போது யாருமே இல்லை.

கோயிலில் பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. உத்தரவு ஆகிவிட்டது என்று சிரித்தபடி திருநீறு கொடுத்தார். அப்போதுதான் அவர் எப்போதும் செய்வதைச் செய்தார். மீதி வெற்றிலையையும் பிரித்து, அந்தப் பூவை எடுத்துச் சாமியின் அரிவாள்மேல் வைக்கப் போனார். நின்றார்.

"ரெண்டும் வெள்ளையா இருக்கே. அவசரத்துல கட்டிட்டீங்களா? சிவப்பு இங்க இருக்கு, வேற கட்டித் தரவா?" என்றார்.

அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் நான் நிமிர்ந்து முனீஸ்வரர் கண்ணைப் பார்த்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து பார்த்த கண்தான், அதே பெயிண்ட்தான். இருந்தும் என் முதுகெல்லாம் வியர்த்தது. வேண்டாம் என்று சொன்னேனா, ஒன்றும் சொல்லவில்லையா, நினைவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவளும் பயந்தாள். மகளுக்கு இன்னும் ஒரு வருடம் படிப்பு இருக்கிறதே, உங்களை ஜெயிலில் போட்டுவிடுவார்களா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, சிவப்புப் பூவ எடுத்துப் போட்டீங்கல்ல, அப்பவே எது சரின்னு தெரிஞ்சுதானே போட்டீங்க?" என்றாள்.

அவள் அதட்டிச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதற்குமேல் ஒளிய இடம் இல்லாமல் போயிற்று. எல்லாம் எழுதியபடிதான் நடக்கும் என்றால் நான் எதற்கு மூன்று தரம் ஓடவேண்டும்? எனக்கு எது சரி என்று முதல் நாளே தெரிந்திருந்தது. அந்த மீட்டரை எடுக்க எழுந்திருக்காதபோதே தெரிந்திருந்தது. தெரிந்ததைச் செய்யப் பயமாக இருந்ததால், தெரியாத மாதிரி சாமியிடம் போய் நின்றேன். அவர் இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் அவர் வாயையே கட்டப் பார்த்தேன். என் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாரத்தில் 20.8 என்று எழுதியது என் கை. பிரம்மன் வந்து எழுதவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கோயிலில் இருந்தேன். பூ எடுத்துப் போகவில்லை. வெறுங்கையோடு நின்றேன். அதுவரை அவரிடம் நான் கேட்டதெல்லாம் 'என்ன செய்ய?' என்றுதான். அன்றைக்கு, 'என்ன செய்யவேண்டும் என்று தெரிகிறது அப்பா, செய்யப் பயமாக இருக்கிறது, எனக்குத் தெம்பு கொடு, நீ கூட வா' என்று கேட்டேன். பல்லி சொல்லவில்லை. மணி அடிக்கவில்லை. மாலையிலிருந்து பூ விழவில்லை. பயமும் குறையவில்லை. ஆலைக்குப் போகும் வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோது, இப்படியே கோத்தா திங்கி பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பச்சை விழுந்தது. ஆலைப் பக்கம்தான் திரும்பினேன். ஏன் திரும்பினேன் என்று இன்றுவரை என்னால் சொல்லமுடியவில்லை.

விசாரணை அறையில் குளிர்சாதனம் ஓடியது. மலாய்க்கார அதிகாரி ஒருவர், சின்ன வயதுப் பெண்மணி. பக்கத்தில் குணா. எனக்கு முன்னால் புதுப் பாரம், அதன்மேல் பேனா. அந்த அம்மா மலாயில் மரியாதையாகக் கேட்டார். இடைவேளைக்குப் பிறகு பரிசோதனைக் கட்டம் காலியாக இருக்கிறதே, முருகேசன் எப்படி இறங்கினார்? குணா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தெரியாது என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது, அது சத்தியம். உள்ளுக்குள் முனியாண்டி, முனியாண்டி என்று இரண்டு தரம் கூப்பிட்டேன்.

"சாயா தாக் தெஸ், புவான்."

நான் சோதிக்கவில்லை அம்மா. சோதிக்காமலே 20.8 என்று எழுதி முருகேசனை இறங்கச் சொன்னதும் நான்தான் என்பதையும் அதோடு சொல்லிவிட்டேன். என் குரல்தான், ஆனால் அந்தத் தெம்பு என்னுடையதில்லை. நான் எப்பேர்ப்பட்ட கோழை என்று இவ்வளவு நேரம் படித்த உங்களுக்கே தெரியும். எந்த மேடையில் நின்று கேட்டாலும் சொல்வேன், அந்த நான்கு வார்த்தைக்கு அவர்தான் துணை வந்தார். முடிவு எடுத்தது நான். எடுக்கிற வரைக்கும் விழாமல் பிடித்துக்கொண்டது அவர். இது எப்படி இரண்டும் ஒன்றாக நடக்கும் என்று படித்தவர்கள் கேட்கலாம். எனக்கு விளக்கத் தெரியாது, நடந்தது தெரியும்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாக ஆகிவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். வேலை போயிற்று. பரிசோதிக்கும் உரிமத்தை ரத்து செய்தார்கள். விசாரணை மாதக்கணக்கில் இழுத்தது. சிறைக்குப் போகாமல் தப்பினேன். குணா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நான் இப்போது மாசாயில் ஒரு ஹார்ட்வேர் கடையில் நிற்கிறேன். மகள் பகுதிநேர வேலை செய்துகொண்டு படிப்பை முடித்தாள். முருகேசனின் பெர்மிட்டை யாரும் தொடவில்லை. வைத்தியத்தையும் ஆலையே பார்த்துக்கொண்டது.

அந்தப் புதன்கிழமை மத்தியானமே அவனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தான். நான் முடித்தபிறகு, "பத்து நிமிஷந்தானேண்ணே ஆகும்?" என்றான். ஆமாம் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதோடு ஐந்து மாதம் என் அழைப்பை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

போன பங்குனியில் ஒரு நாள் கடையில் இருக்கும்போது வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வழக்கம்போல் உடம்பு தூக்கிப்போட்டது. ஒரு பெண் குரல். முருகேசனின் மனைவி. ஊரில் எல்லாரும் அவன் திமிரெடுத்துப் போய் விழுந்தான் என்று பேசினார்களாம். நான் சொன்னது தெரிந்தபிறகுதான் அந்தப் பேச்சு நின்றதாம். அதற்காக எங்கள் ஊர்க் கோயிலில் உங்கள் பெயருக்கு விளக்குப் போட்டேன் என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவளுக்குப் பாதிக் கதைதான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்தேன். இந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டால் அதுவும் திருட்டுதான். திரும்பவும் அதே பயம்.

"தங்கச்சி, காத்தைப் பார்க்காம அவரை உள்ள இறக்கிவிட்டதே நான்தாம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கேட்டு அழுதது.

"தெரியும்ணே. அவரு சொல்லிட்டாரு. தெரிஞ்சுதான் விளக்குப் போட்டேன்" என்றாள்.

கடையில் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். முதலாளி வந்து என்ன என்று கேட்டார்.

பக்தர்களே, பூக் கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. எது சரி என்று தெரியாதபோது கேளுங்கள், அவர் சொல்வார். தெரிந்துவிட்டால் மட்டும் தயவு செய்து கேட்காதீர்கள். அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். கால் நடுங்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு இன்றைக்கும் நடுங்குகிறது. நடுங்கிக்கொண்டே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு எழுந்து போங்கள். அவர் உங்களுக்கு முன்னாலேயே அந்த அறைக்குப் போயிருப்பார்.